தேர்வில் தவறிய பின்

வாளையாரைக் கடந்து கஞ்சிக்கோட்டு ஆலைகளை நம்பிக் குடியேறிய நம்மவர் இல்லங்களில், பி.எஸ்ஸி. வகுப்பில் பிள்ளை தவறிவிட்டால் வீடே இருண்டுவிடுகிறது. உடனே கணித மேதை இராமானுஜன் பெயரைச் சொல்லித் தேற்றுகிறோம். அம்மேதைமை எல்லார்க்கும் வாய்ப்பதன்று. அவர் செய்த காரியத்தை நோக்குவோம். கும்பகோணத்தில் உதவித்தொகையை இழந்து, 1907இல் எஃப்.ஏ. தேர்விலும் தவறியவர், 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தரானார். மறு ஆண்டு கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் அவ்வேலையையும் கூறினார். பல்கலைக்கழகப் படிப்பு இல்லை என்பதையும் மறைத்தாரில்லை.

தவறியது ஓரிரு தாள்களா, அன்றி அப்பாடமே ஒவ்வவில்லையா என்பதைப் பிள்ளையிடமே கேட்போம். தாள்கள்தாம் எனில் மறுதேர்வு எழுதட்டும். ஒவ்வவில்லை எனினும், மேல்நிலைத் தேர்ச்சி எங்கும் போய்விடவில்லை. இயற்பியல், வேதியியல், கணிதம் பயின்று அதில் தேறியவர், கேரளத்துப் பாலிடெக்னிக்குகளில் நேரே இரண்டாம் ஆண்டில் சேர வழியுண்டு. ஏட்டில் அச்சுறுத்திய இயற்பியல், கருவியைத் தொட்டால் இணங்கிவரவும் கூடும். நீரோட்டத்தை அளக்கும் மானிகளைச் சோதிக்கும் மத்திய ஆராய்ச்சி நிலையம் கஞ்சிக்கோட்டிலேயே இருக்கிறதே! மதிப்பெண் விதியை முன்னதாகக் கேட்டறிந்து, பழைய கல்லூரியில் மாற்றுச் சான்றிதழையும் பெற்றுவைத்தல் நலம்.