ஊருக்கு ஒரு சட்டம், கோடீஸ்வரனுக்கு ஒரு சட்டம்

(தொழிலாளர் கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய பேச்சின் சுருக்கம்)

தோழர்களே!

சைக்கிள் டயர் மாற்றவே கடன் வாங்குகிற நமக்குப் பந்தயக் காரைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்பீர்கள். கார் வாங்குவதற்காக நாம் பேசவில்லை. ஒரு சட்டம் எப்படிப் பிறக்கிறது, யாருக்காக வளைகிறது என்று தெரிந்துகொள்ளவே பேசுகிறோம்.

1965-இல் அமெரிக்காவில் ரால்ஃப் நாடர் என்ற வக்கீல் ஒரு புத்தகம் எழுதினார். கார்க் கம்பெனிகள் லாபத்தைப் பார்க்கின்றன, ஓட்டுகிறவன் உயிரைப் பார்ப்பதில்லை என்று அம்பலப்படுத்தினார். மறு வருஷமே மோட்டார் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அது நல்ல சட்டம். அதை நாம் குறை சொல்லவில்லை.

பின்னால் நடந்தது என்ன? 1980-களில் டாலரின் மதிப்பு ஏறியது. ஜெர்மனியில் காரை நேரே வாங்கி, கப்பலில் ஏற்றி, விளக்கு, பம்பர் முதலியவற்றை மாற்றினாலும், உள்ளூர் ஏஜெண்டு கேட்கும் விலையைவிட மலிவாக இருந்தது. ஆயிரக்கணக்கில் கார்கள் வந்து இறங்கின. மெர்ஸிடிஸ் கம்பெனியின் அமெரிக்கக் கிளைக்கும் ஏஜெண்டுகளுக்கும் வியாபாரம் அடிபட்டது. அவர்கள் பணத்தைக் கொட்டி வாஷிங்டனில் ஆள் பிடித்தார்கள். 1988-இல் புதுச் சட்டம் பிறந்தது.

அமெரிக்க விதிப்படி கட்டாத கார், 25 வருஷம் ஆகாதிருந்தால், பதிவு பெற்ற இறக்குமதியாளர் மூலமாகத்தான் வரலாம். விதிக்கு ஏற்றபடி மாற்ற முடியும் என்று அவர் நிரூபிக்க வேண்டும். அதற்குச் சில வேளை கார்களையே மோதி உடைத்துக் காட்ட வேண்டும். சாதாரண மனிதனால் ஆகிற காரியமா? மீறினால் பறிமுதல். 2013-இல் லேண்ட் ரோவர் கார் ஒன்றைச் சுங்க அதிகாரிகள் இயந்திரத்தால் நசுக்கியே போட்டார்கள்.

சரி, 25 வருஷம் ஆனால்? தடை இல்லை! ஜப்பானில் 1989-இல் செய்த நிஸ்ஸான் ஸ்கைலைன் பந்தயக் கார் 2014-இல் தாராளமாக நுழைந்தது. 24 வயதில் ஆபத்தான கார் 25 வயதில் எப்படிச் சாது ஆனது? துருப்பிடித்தால் பாதுகாப்பு கூடுமா? புதுக் கார் விற்பவனுக்கு அந்தக் கிழட்டுக் கார் போட்டி இல்லை. அதுதான் சூட்சுமம்!

இப்போது கோடீஸ்வரன் கதை. பில் கேட்ஸ் போர்ஷே 959 என்ற காரை வரவழைத்தார். மோதிச் சோதிக்கக் கார் தர அந்தக் கம்பெனி மறுத்துவிட்டது. கார் பல வருஷம் சுங்கக் கிடங்கில் கிடந்தது. பணக்காரர்கள் தரப்பில் முயற்சி நடந்தது. 1998-இல் ஒரு சட்டத்திருத்தம். மறு வருஷம் அமலுக்கு வந்தது. அபூர்வமான கார் என்றால், காட்சிக்காகக் கொண்டு வரலாம். வருஷத்துக்கு 2,500 மைல் ஓட்டவும் செய்யலாம். ஸ்கைலைனுக்கு ஆசைப்பட்ட மெக்கானிக் 25 வருஷம் காத்திருந்தான். கோடீஸ்வரனுக்கோ தனி வாசல் திறந்தது.

வேறு வழி இல்லையா? இருக்கிறது. பக்கத்து நாடான கனடாவில் 15 வருஷம் போதும். அதைவிட நல்ல வழி, பொது விதி. 1958-இல் ஜெனீவாவில் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. ஒரு நாட்டில் சோதித்துத் தேறிய உறுப்பை மற்ற நாடும் ஏற்பது என்பது அதன் சாரம். ஜப்பானும் 1998-இல் சேர்ந்தது. அமெரிக்கா சேரவில்லை.

தோழர்களே! பாதுகாப்பு என்று பெயர் சொல்லி எந்தச் சட்டம் வந்தாலும் நாம் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். இது காப்பது யாரை? உயிரையா, கல்லாப் பெட்டியையா? இதில் விலக்கு யாருக்கு? இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்தால், சட்டத்தின் முகம் தெரிந்துவிடும்.