வட்டி போய் யூனிட் வந்த கதை

(அரசு ஊழியர் தோழர்களுக்கான கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



2004 ஜனவரி 1க்கு முன்பு மத்திய அரசுப் பணியில் சேர்ந்த ஊழியருக்கு இரண்டு தனித்தனி உரிமைகள் இருந்தன. ஒன்று, பொது வருங்கால வைப்புநிதி. அது ஊழியரின் சேமிப்பு. அரசு அவருக்குப் பட்டிருக்கும் கடன். மாத இருப்பின் மீது வட்டி கணக்கிடப்பட்டு ஆண்டிறுதியில் வரவு வைக்கப்படும். 1986-87 முதல் 1999-2000 வரை 12 சதவீதமாக இருந்த வட்டி, வெட்டப்பட்டு வெட்டப்பட்டு 2020 ஏப்ரலில் 7.1 சதவீதத்திற்கு வந்தது. ஆனாலும், வரவு வைக்கப்பட்ட வட்டி மறுநாள் கரைந்துபோனதில்லை. மற்றொன்று ஓய்வூதியம். அதற்கும் இந்தக் கணக்கிற்கும் தொடர்பே கிடையாது. முழுத் தகுதிப் பணிக்காலம் முடித்தவருக்குக் கடைசி ஊதியத்தில் பாதியும், அதன் மீது அகவிலை நிவாரணமும் அரசுக் கருவூலத்திலிருந்து வழங்கப்பட்டன.

புதிய ஓய்வூதியத் திட்டம் இந்த வேறுபாட்டை அழித்தது. இப்போது கணக்கில் சேர்வதுதான் ஓய்வூதியம். வாஜ்பாய் அரசு கொண்டுவந்த இத்திட்டத்திற்கு, இடதுசாரிகளின் எதிர்ப்பை மீறி, 2013இல் மன்மோகன் சிங் அரசு சட்ட வடிவம் தந்தது.

இக்கணக்கில் வட்டி என்ற சொல்லே இல்லை. ஊழியரின் 10 சதவீதமும், 2019 ஏப்ரல் முதல் அரசின் 14 சதவீதமும் நிதி மேலாளர்களிடம் செல்கின்றன. அன்றைய விலையில் அத்தொகைக்கு யூனிட்டுகள் வாங்கப்படுகின்றன. ஒரு யூனிட் 35 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 7,000 ரூபாய்க்கு 200 யூனிட்டுகள். விலை 38 ஆனால் அது 7,600 ரூபாய். 32 ஆனால் 6,400. பங்குகளில் போட்ட பகுதிதான் ஆடும், அரசுக் கடன்பத்திரம் ஆடாது என்று பலரும் நினைக்கின்றனர். அப்படியன்று. பத்திரங்களும் சந்தை விலைக்கே மதிப்பிடப்படுகின்றன. நாட்டில் வட்டி விகிதம் உயர்ந்தால் பழைய பத்திரத்தின் விலை இறங்கும். யூனிட் மதிப்பும் இறங்கும்.

சில ஆண்டுகளில் யூனிட் மதிப்பு வைப்புநிதி வட்டியைவிட வேகமாக வளர்ந்தது உண்மையே. அதை மறுத்து வாதாட வேண்டியதில்லை. கேள்வி வேறு. 2020 மார்ச்சில் சந்தை சரிந்தபோது ஓய்வு பெற்றவரும், சந்தை மீண்ட பிறகு ஓய்வு பெற்றவரும் ஒரே ஊதியத்தில், ஒரே காலம் உழைத்திருக்கலாம். அவர்களுடைய முதுமையைப் பிறந்த தேதி தீர்மானிப்பது என்ன நியாயம்?

இதில் இன்னொரு சங்கதி உண்டு. யூனிட் எந்த விலையில் கிடைக்கும் என்பது பணம் போய்ச் சேரும் நாளைப் பொறுத்தது. ஊதியத்தில் பிடித்த தொகையை உரிய காலத்தில் அனுப்பாமல் விட்ட நேர்வுகள் 2004-2012 காலத்தில் நிகழ்ந்தன. அதற்கு இழப்பீடு தர 2019 ஜனவரி 31 அன்று மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. எந்த விகிதத்தில்? பொது வருங்கால வைப்புநிதியின் வட்டி விகிதத்தில்! சந்தையைப் புகழ்ந்தவர்கள் கணக்குத் தீர்க்க வந்தபோது பழைய வட்டியிடமே அடைக்கலம் புகுந்தனர்.

2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் இதையெல்லாம் தீர்த்துவிட்டதா? 25 ஆண்டுப் பணிக்கு, கடைசி 12 மாத அடிப்படை ஊதியச் சராசரியில் பாதி என்று விளம்பரம் சொல்கிறது. ஆனால் அதிலும் ஒவ்வொருவருக்கும் தனிநபர் நிதித் தொகுப்பு உண்டு. பங்களிப்பு தவறாமல் செலுத்தப்பட்டு, வகுக்கப்பட்ட இயல்பான முறையில் முதலீடு செய்யப்பட்டிருந்தால் எவ்வளவு சேர்ந்திருக்கும் என்ற அளவுகோல் தொகுப்போடு அது ஒப்பிடப்படும். குறைந்தால், ஊழியர் குறையை ஈடுகட்ட வேண்டும். இல்லையேல் ஓய்வூதியம் அதே விகிதத்தில் குறையும்.

ஆகவே, பழைய ஓய்வூதியத்திற்கான போராட்டம் தொடரும்போதே, சங்கக் கிளைகள் ஒரு வேலையை உடனே தொடங்கலாம். ஒவ்வோர் உறுப்பினரின் ஊதியச் சீட்டையும் கணக்கு அறிக்கையையும் மாதவாரியாக ஒப்பிட வேண்டும். பிடித்த மாதத்திற்கு யூனிட் வரவில்லையெனில், வட்டியோடு கேட்டு எழுத வேண்டும். ஓய்வு பெற ஓராண்டே இருப்பவர்களின் கணக்குகளை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்.