வழி தவறிய சிறு விமானம்



வெளியூரார் ஒருவர் இரவில் வழி தவறி அயலார் தோட்டத்துக்குள் நுழைந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். காவற்காரர் "யாரது?" என்று அதட்டுகிறார். "வழி தெரியாமல் வந்துவிட்டேன், ஐயா" என்று இவர் விடையிறுக்கிறார். குரலைக் கேட்டதும், முகத்தைப் பார்த்ததும் காவற்காரரின் ஐயம் நீங்கிவிடுகிறது. அவரே விளக்கை எடுத்து வந்து வழியும் காட்டி அனுப்புகிறார். வானத்தில் இத்தகைய பிழை நேர்ந்தால் என்ன ஆகும் என்பதைப் பற்றியே இன்று சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

அண்ணாந்து பார்க்கும் நமக்கு வானம் எல்லையற்றதாகவே தோன்றுகிறது. ஆயினும், ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலத்தின் மேலுள்ள வான்வெளியில் முழு உரிமை உண்டு என்பதை 1944-ஆம் ஆண்டில் சிகாகோ நகரில் உருவான சர்வதேச ஒப்பந்தம் ஏற்றுக்கொண்டது. பாதுகாப்பின் பொருட்டுச் சில பகுதிகளில் பறத்தலைத் தடுக்கவோ, கட்டுப்படுத்தவோ அந்நாடு விதி செய்யலாம். அவ்வெல்லைகள் விமானிகளின் வரைபடத்தில் கோடுகளாகக் குறிக்கப்பட்டிருக்கின்றன. வானிலோ அக்கோடுகளைக் காண இயலாது.

2005-ஆம் ஆண்டு மே மாதம் 11-ஆம் தேதி, அமெரிக்காவின் பென்ஸில்வேனியா மாநிலத்தில் ஸ்மோக்டவுன் என்னும் சிற்றூரிலிருந்து ஒரு செஸ்னா 150 விமானம் புறப்பட்டது. இருவர் மட்டுமே அமரக்கூடிய, ஒற்றை எஞ்சின் கொண்ட விமானம் அது. முழுச் சுமையுடனும் அதன் எடை ஏறக்குறைய 725 கிலோகிராம்தான். சிறிய மோட்டார் கார் ஒன்றின் எடை என்று கூறலாம். அதில் சென்றவர்களுள் ஒருவர் உரிமம் பெற்ற விமானி. மற்றவர் பயிற்சி பெற்றுவந்த மாணவர். வட கரோலினாவிலுள்ள லம்பர்ட்டன் நகரில் நடைபெறவிருந்த விமானக் காட்சியைக் காண்பதே அவர்களுடைய நோக்கம்.

வரைபடத்தில் இவ்விரண்டு ஊர்களையும் நேர்கோட்டால் இணைத்துப் பாருங்கள். அக்கோடு வாஷிங்டன் நகரை ஒட்டியே செல்லும். 2001-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-ஆம் தேதி நேர்ந்த பேரழிவுக்குப் பின்னர் அந்நகரின் வான்வெளி மிகக் கடுமையான காவலுக்கு உட்பட்டிருந்தது. இதை அறிந்து சுற்றிச் செல்ல வேண்டியவர்கள், வழி தவறி அதனுள்ளே புகுந்துவிட்டார்கள்.

பிறகு நிகழ்ந்தவற்றை உலகமே அறியும். ஹெலிகாப்டர் ஒன்று விரைந்து வந்தது. இரண்டு எஃப்-16 போர் விமானங்கள் எழும்பின. செஸ்னாவோ மணிக்குச் சுமார் 185 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்வது. அவ்வளவு மெதுவாகப் பறக்கப் போர் விமானத்தால் இயலாது. ஆகவே அவை அதைச் சுற்றிச் சுற்றி வந்து, எச்சரிக்கைத் தீச்சுடர்களை உதிர்த்தன. கீழே வெள்ளை மாளிகையிலும், காங்கிரஸ் கட்டடத்திலும் இருந்தோர் ஓடி வெளியேறுமாறு பணிக்கப்பட்டனர். வெள்ளை மாளிகைக்கு ஏறத்தாழ 3 மைல் தொலைவு வரை வந்த பிறகே அச்சிறு விமானம் திசை திரும்பியது. அதன் வேகத்துக்கு அது இரண்டு நிமிடத் தொலைவு கூட அன்று! இறுதியில் மேரிலாந்து மாநிலத்தின் ஃபிரெடெரிக் நகரில் அது இறக்கப்பட்டது. விசாரணையில் தீய நோக்கம் ஏதும் இல்லை என்று தெளிந்து, இருவரையும் விடுவித்தனர். புறப்படுமுன் வானிலையையும், விமானிகளுக்கான அறிவிப்புகளையும் பார்க்கத் தவறியமைக்காக உரிமம் பெற்றவரின் உரிமம் ரத்துச் செய்யப்பட்டது.

இங்கே இரு சாராரின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். விமானத்திலிருந்தோர் தாம் குற்றமற்றவர் என்பதை அறிவர். ஆனால் அது அவர்களுடைய நெஞ்சுக்குள் இருந்த செய்தி. காவலில் இருந்தோர் கண்டதோ திரையில் நகரும் ஒரு புள்ளி. புள்ளிக்கு முகமில்லை, குரலில்லை. பொறுத்திருந்தால் தலைநகருக்கே கேடு விளையலாம். அவசரப்பட்டால் இரண்டு அப்பாவிகள் மாளலாம்.

அவசரப்பட்டதன் விளைவையும் உலகம் கண்டிருக்கிறது. 1983-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் தேதி, தென் கொரியப் பயணி விமானம் ஒன்று பாதை விலகிச் சோவியத் வான்வெளியில் புகுந்து, சுட்டு வீழ்த்தப்பட்டது. அதிலிருந்த 269 பேரும் மாண்டனர். அதன் பின்னரே, பறந்துகொண்டிருக்கும் சிவில் விமானத்தின் மீது ஆயுதம் பிரயோகிக்கலாகாது என்ற விதி 1984-இல் சிகாகோ ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்டு, 1998-இல் நடைமுறைக்கு வந்தது.

முகமில்லாத புள்ளிக்கும் காவலுக்கும் இடையே ஒரு மொழி வேண்டும் அல்லவா? இடைமறிக்கும் விமானம் தன் இறக்கைகளை அசைத்தால், "என்னைப் பின்தொடர்க" என்பது பொருள். மற்றதும் இறக்கைகளை அசைத்துப் பின்செல்ல வேண்டும். 2005 மே மாதத்திலேயே வாஷிங்டனில் சிவப்பு, பச்சை நிற லேஸர் விளக்குகளால் எச்சரிக்கும் முறையும் தொடங்கியது. 2009-ஆம் ஆண்டு முதல், அந்நகரைச் சுற்றி 60 கடல் மைலுக்குள் கண்பார்வையை நம்பிப் பறக்கும் விமானிகள் தனிப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பது கட்டாயமாயிற்று.

இவை யாவும் நன்றே. ஆயினும், அன்று அவ்விருவரின் உயிரைக் காத்தது காவலரின் பொறுமை. அப்பொறுமையைச் சோதிக்காமல் இருப்பது பறப்பவரின் கடமை. அக்கடமை வானில் தொடங்குவதன்று. எஞ்சினை முடுக்குமுன், தரையில் நின்று வரைபடத்தையும் அன்றைய அறிவிப்பையும் படிக்கும் சில நிமிடங்களில் தொடங்குகிறது. தோட்டத்தில் வழி தவறியவருக்கு "தெரியாமல் வந்துவிட்டேன்" என்று சொல்ல அவகாசம் இருந்தது. வானில் அந்த அவகாசம் கிடைக்கும் என்று நம்பி எவரும் புறப்படலாகாது.