வோர்ன்–முரளிதரன் கிண்ணம் வேண்டும்

நடுவர் அவர்களே, கொம்பனித்தெருவில் கூடியிருக்கும் கிரிக்கெட் ரசிகப் பெருமக்களே! டெஸ்ட் தொடருக்கு வீரர்களின் பெயரில் கிண்ணம் வைப்பது பயனா, பகட்டா என்பது தலைப்பு. பயன் என்று பேச வந்திருக்கிறேன். எதிரணி நண்பர், கிண்ணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பந்து ஒரே மாதிரித்தான் சுழலும் என்றார். மறுக்கவில்லை. கிண்ணத்தின் வேலை பந்தைச் சுழற்றுவதல்ல; ஒரு தொடரில் நடந்ததை அடுத்த தொடர் வரை மறக்கவிடாமல் வைத்திருப்பது. இந்த ஊருக்கு இது புதுச் சேதியா? பக்கத்திலிருக்கும் பேர வாவியைத் தோணியில் கடந்துபோய் றோயல் கல்லூரி மாணவர்கள் ஆடியதாகச் சொல்லப்படும் 1879ஆம் ஆண்டு ஆட்டத்திலிருந்து, றோயலும் தோமியனும் இன்றுவரை மோதிக்கொண்டே இருக்கின்றன. இருப்பவை இரண்டே அணிகள். ஆனாலும் டி. எஸ். சேனநாயக்க கேடயம் இந்த வருடம் யார் கையில் என்று ஊரே கேட்கிறது.

இப்போது இலங்கை–அவுஸ்திரேலிய டெஸ்ட் தொடருக்கான நம்முடைய வோர்ன்–முரளிதரன் கிண்ணத்துக்கு வருகிறேன். 1995 டிசம்பர் 26, மெல்பேர்ன். நடுவர் டரல் ஹெயார் – ஐயா நிமிர வேண்டாம், உங்களைச் சொல்லவில்லை – முத்தையா முரளிதரனின் பந்தை மூன்று ஓவர்களுக்குள் ஏழு தடவை நோபோல் என்றார். 1999 ஜனவரியில் அடிலெய்டில் ரொஸ் எமர்சன் அதையே செய்தபோது, அர்ஜுன ரணதுங்க அணியையே எல்லைக்கோட்டுக்கு அழைத்துப்போனார். 2004இல் அவுஸ்திரேலியப் பிரதமர் ஜோன் ஹவார்டே முரளி பந்தை எறிகிறார் என்று பேச, அந்த ஆண்டு அவுஸ்திரேலியப் பயணத்துக்கு முரளி போகவில்லை. மூன்றே வருடத்தில், 2007இல், அதே அவுஸ்திரேலியா தன் பெருமைக்குரிய ஷேன் வோர்னின் பெயருக்குப் பக்கத்தில் முரளியின் பெயரைப் பொறித்த கிண்ணத்துக்காக ஆட இறங்கியது. இதை மன்னிப்பு என்று நான் சொல்ல மாட்டேன்; கிரிக்கெட் சபைகளுக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. ஆனால் அன்றிலிருந்து, இலங்கையைத் தொடரில் வென்ற எந்த அவுஸ்திரேலிய அணித்தலைவரும் முரளியின் பெயரைத் தூக்கிப் பிடிக்காமல் அந்த வெற்றியைக் கொண்டாட முடியாது. முரளியின் 800 விக்கெட், வோர்னின் 708 விக்கெட் என்ற எண்கள் புள்ளிவிவரப் பக்கத்தில் எப்படியும் இருக்கும். அவுஸ்திரேலியாவின் கையாலேயே முரளிக்கு மரியாதை செய்விக்க அந்தப் பக்கத்தால் முடியாது, கிண்ணத்தால் முடிந்தது.

உலக டெஸ்ட் சம்பியன்ஷிப் வந்த பிறகு இந்தச் சின்னக் கிண்ணங்கள் எதற்கு என்று எதிரணியில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி, அதற்குக் காலி மைதானமே பதில் சொல்கிறது. 2025 ஜனவரி கடைசியில் அங்கே தொடர் தொடங்கியபோது அவுஸ்திரேலியா ஏற்கனவே இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்றுவிட்டது. இலங்கையின் வாய்ப்போ முடிந்துபோயிருந்தது. புள்ளிப் பட்டியல் இரு பக்கமும் கைவிட்ட தொடர் அது. எஞ்சி இருந்தது கிண்ணம் ஒன்றுதான். அதற்காக உஸ்மான் கவாஜா 232 ஓட்டங்கள் அடித்தார். 2011க்குப் பிறகு அவுஸ்திரேலியா முதல் தடவையாக நம் மண்ணில் தொடரை வென்றது. சம்பியன்ஷிப் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சிலேட்டை அழித்துவிடுகிறது. கிண்ணமோ செட்டியார் தெருவில் அடகு வைத்த நகை மாதிரி. மீட்கும் வரை அடுத்தவன் பெட்டியில்தான். 2022இல் காலியில் அறிமுக ஆட்டத்திலேயே பிரபாத் ஜயசூரிய 12 விக்கெட் எடுத்து, சந்திமால் ஆட்டமிழக்காமல் 206 அடித்து தொடரை 1–1 ஆக்கியும் கிண்ணம் நமக்குக் கிடைக்கவில்லை. சமனில் முடிந்தால் அது வைத்திருப்பவருக்குத்தான். அந்த எரிச்சல்தான் ஐயா, அடுத்த தொடருக்கு ஆளைக் கூட்டுகிறது!

பெயரை நினைத்தபடி மாற்றுகிறார்களே என்ற குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. இங்கிலாந்தில் இந்தியா ஆடும் தொடருக்கு 2007இல் பட்டோடி பெயர் வைத்தார்கள். 2025இல் அதை எடுத்துவிட்டு அண்டர்சன்–டெண்டுல்கர் என்றார்கள். அதே வருடம் ஜனவரியில் சிட்னியில் போர்டர்–கவாஸ்கர் கிண்ணத்தைக் கொடுக்க அலன் போர்டரை மட்டும் அழைத்தார்கள். மைதானத்திலேயே இருந்த கவாஸ்கரை அழைக்கவில்லை. சபைகள் செய்தது தவறு, அதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் இது எதிரணியின் வாதத்துக்கு எப்படி உதவும்? வெறும் பகட்டு என்றால் கவாஸ்கர் ஏன் வருத்தப்பட்டார்? பட்டோடி பெயர் போனபோது ஏன் அத்தனை கண்டனம்?

ஏழு தொடர்களில் ஒன்றைத்தான் வென்றீர்கள், இதில் என்ன பெருமை என்று கடைசியாகக் கேட்டார்கள். அந்த ஒன்று 2016. அதற்கு முன் 26 டெஸ்ட்களில் ஒரே ஒரு தடவை அவுஸ்திரேலியாவை வென்றிருந்த இலங்கை, உலகத் தரவரிசையில் முதலிடத்தோடு வந்த அணியை 3–0 என்று அனுப்பிவைத்தது. ரங்கன ஹேரத் 28 விக்கெட். மற்றபடி கணக்கு நமக்குச் சாதகமாக இல்லைதான். அவுஸ்திரேலிய மண்ணில் இன்னும் ஒரு டெஸ்ட்கூட நாம் வென்றதில்லை. கிண்ணத்தின் முதல் தொடரில் முரளிக்கே நான்கு விக்கெட்தான் கிடைத்தது. கிண்ணம் இப்போது அவர்களிடம் இருக்கிறது. இருக்கட்டும், நடுவர் அவர்களே. முரளியின் பெயரோடுதானே வைத்திருக்கிறார்கள்!