பெருவண்டியும் பின்னிருக்கையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இலக்கியமும் இசையும் ஒலிக்கும் இம்மேடையில் மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் என்னைக் கேட்டபோது முதலில் வியப்படைந்தேன். "நம் குடியிருப்பில் வீட்டுக்கு வீடு இதே வழக்குத்தான் நடக்கிறது. பிள்ளை பெரிய வண்டி வேண்டும் என்கிறான். தாய் வேண்டாம் என்கிறாள். தந்தை இருவர்க்கும் தலையசைக்கிறார். அறிந்தவர் ஒருவர் எடுத்துச் சொல்லட்டும்" என்றார் அவர். அறிந்தவன் என்று என்னைச் சொல்லிக்கொள்ளத் துணிவில்லை. ஆயினும் நெடும்பயணத்துக்குரிய பெருவண்டி ஒன்றை உடையவன் நான். ஒருமுறை அதனோடு சாலையில் விழுந்தவனும் நானே. இவ்விரண்டையும் தகுதியாகக் கொண்டு உங்கள்முன் நிற்கிறேன்.

பெருவண்டி என்று நான் குறிப்பது 'குரூசர்' எனப்படும் வகையை. இருக்கை தாழ்வாக இருக்கும், கைப்பிடி அகன்றிருக்கும், கால்களை முன்னே நீட்டி, முதுகை நிமிர்த்தி, நாற்காலியில் அமர்வதுபோல அமரலாம். இவ்வடிவம் அமெரிக்காவின் நீண்ட நெடுஞ்சாலைகளில் வளர்ந்தது. 1901-ஆம் ஆண்டில் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் தோன்றிய 'இந்தியன்' நிறுவனமும், 1903-ஆம் ஆண்டில் மில்வாக்கி நகரில் தோன்றிய ஹார்லி டேவிட்சனும் அதன் மூதாதையர். 'இந்தியன்' என்ற பெயரைக் கேட்டு நம்மவர் மகிழ வேண்டியதில்லை. அந்நாட்டுப் பழங்குடி மக்களை எண்ணி இட்ட பெயர் அது.

ஆனால் தமிழர் மகிழத்தக்க செய்தி ஒன்று உண்டு. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனம், மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தோடு கைகோத்து 1955-ஆம் ஆண்டில் 'என்ஃபீல்டு இந்தியா'வைத் தொடங்கியது. இடம் சென்னையை அடுத்த திருவொற்றியூர். நம் எல்லைக் காவலுக்கும் படைக்கும் புல்லட் வண்டிகள் வேண்டியிருந்தமையே அதற்குத் தூண்டுகோல். தொடக்கத்தில் அங்கிருந்து வந்த உறுப்புகளை இங்கே பூட்டினார்கள். பின்னர் உறுப்புகளையும் இங்கேயே செய்தார்கள். 1970-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் அத்தொழில் நின்றுபோயிற்று, திருவொற்றியூரில் நிற்கவில்லை. 1977-ஆம் ஆண்டில் இங்கிருந்து இங்கிலாந்துக்கே வண்டிகள் ஏற்றுமதியாயின. தாய்வீட்டில் அணைந்த விளக்கைப் புகுந்த வீட்டில் அணையாமல் காத்த கதை அது. அயலூரில் வாழ்ந்து மொழியைக் காக்கும் நமக்கு இக்கதை எளிதில் விளங்கும்.

அந்நிறுவனம் 2013-ஆம் ஆண்டில் ஒரகடத்திலும், 2017-இல் வல்லம் வடகாலிலும் புதிய ஆலைகளைத் திறந்தது. 2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் விற்பனைக்கு வந்த அதன் சூப்பர் மீட்டியர் 650 என்னும் குரூசரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அதன் எடை 241 கிலோ. என்ஜினின் கொள்ளளவு 648 சி.சி. இருவரும் பயண மூட்டைகளும் ஏறிவிட்டால் மொத்த எடை ஏறத்தாழ 400 கிலோவை எட்டும். இந்த எண்ணை மனத்தில் இருத்துங்கள். இன்று நான் சொல்லப்போவது அனைத்தும் இந்த எடையிலிருந்தே பிறக்கிறது.

இளைஞர்கள் பெருவண்டி என்றதும் வேகத்தை எண்ணுகிறார்கள். அவ்வண்டியோ மெல்லச் செல்லும்போதுதான் ஓட்டுபவனைச் சோதிக்கிறது. நெடுஞ்சாலையில் அது தேர்போல் அசையாது செல்லும். சக்கரங்களுக்கு இடையிலுள்ள நீளமும், முன்சக்கரத் தண்டின் சாய்வும் அந்த நிலைபேற்றைத் தருகின்றன. அதே நீளமும் அதே சாய்வும் குறுகிய சந்தில் திரும்புகையில் நமக்குப் பகையாகின்றன. நம் திருவனந்தபுரமோ குன்றுகளின்மேல் அமைந்த நகரம். சரிவில்லாத தெருவைத் தேடித்தான் காண வேண்டும். சரிவான இடத்தில் முன்சக்கரம் கீழ்நோக்கி இருக்குமாறு வண்டியை நிறுத்திவிட்டால், திரும்ப எடுப்பது பெரும்பாடு. பின்னோக்கிச் செலுத்தும் கியர் அதில் இல்லை. 241 கிலோவைக் காலால் உந்தி மேலேற்ற வேண்டும். ஆதலால் நிறுத்துவதற்கு முன்பே புறப்படுவதை எண்ணிப் பார்ப்பவனே இந்நகரில் பெருவண்டிக்கு உரியவன்.

பொன்முடிக்குச் செல்பவர்கள் இதனை நன்கு உணர்வார்கள். நெடுமங்காடும் விதுரையும் கடந்து கல்லாற்றுக்கு அப்பால் மலையேறும் அச்சாலையில் 22 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. குரூசர் வண்டியின் அடிப்பகுதி தரைக்கு மிக அருகில் இருப்பது. மிகுதியாகச் சாய்த்தால் கால்மிதி தரையில் உரசும். வளைவுக்குள் நுழைந்தபின் பிரேக்கைப் பற்றுவது தவறு. நுழையுமுன்னரே வேகத்தைத் தணித்து, செல்ல வேண்டிய இடத்தில் கண்ணை வைத்து, சீராகத் திரும்ப வேண்டும். கண் பள்ளத்தை நோக்கினால் வண்டியும் பள்ளத்தை நாடும்.

நிறுத்தும் கலையையும் சொல்ல வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் ஓடிவிடும். இடரைக் கண்டு கை பிரேக்கை அடைவதற்கே ஏறக்குறைய அந்த ஒரு நொடி கழிகிறது. அதன் பின்னரே வேகம் தணியத் தொடங்கும். வேகம் இருமடங்கானால், பிரேக் பற்றியபின் ஓடும் தொலைவு நான்கு மடங்காகும். நனைந்த சாலையில் இன்னும் மிகும். 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய மோட்டார் சைக்கிள்களுக்கெல்லாம் 2019-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்புக் கட்டாயமாக்கப்பட்டது. நல்ல ஏற்பாடு அது. எனினும் சாய்ந்த நிலையில் டயரின் பிடி நழுவினால் அதனாலும் முழுமையாகக் காக்க இயலாது.

இதனை நான் நூலில் படித்துச் சொல்லவில்லை. அந்த நாளைச் சொல்கிறேன், கேளுங்கள்.

இங்கிருந்து கன்னியாகுமரி ஏறத்தாழ 90 கிலோமீட்டர். பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை. பின் களியக்காவிளையில் மாநில எல்லை. அப்பால் மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில், சுசீந்திரம். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை இவை அனைத்தும் ஒரே ஆட்சியின்கீழ் இருந்தவை. அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. தக்கலைக்கு அருகிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் நின்றாலும் இன்றும் கேரள அரசின் பேணலில் இருப்பது அப்பழந்தொடர்பின் சான்று. நம்முள் பலர் திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் துயரத்துக்கும் பேருந்தில் ஏறிக் கண்ணயர்ந்தே கடந்த சாலை இது. பெருவண்டியில் செல்லும்போதுதான் நான் அதனைக் கண்விழித்துக் கண்டேன். கடைப்பலகைகளில் மலையாள எழுத்துக் குறைந்து தமிழ் எழுத்து மிகுவதையும், தென்னந்தோப்புகளுக்குப் பின்னே மலைகள் நெருங்கி வருவதையும், நாகர்கோவிலுக்கு அப்பால் ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்று மார்பில் மோதுவதையும் என் மனைவி பின்னிருக்கையிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லி வருவாள். அந்த இன்பத்துக்காகவே வண்டி வாங்கினேன் என்றால் மிகையாகாது.

ஓர் ஆனி மாதம். நாகர்கோவிலில் உறவினர் திருமணம் முடிந்து திரும்பிக்கொண்டிருந்தோம். பாறசாலையைக் கடந்ததும் மழை பிடித்துக்கொண்டது. என் மனைவி என் தோளை இருமுறை தட்டினாள். 'நிறுத்துங்கள், ஒதுங்குவோம்' என்பது அதன் பொருள். எனக்கோ வீடு அருகில் வந்துவிட்டது என்ற எண்ணம். 'இன்னும் சிறிது தொலைவுதானே' என்று விரைந்தேன். ஒரு வளைவில் முன்னே சென்ற பேருந்து நின்றது. நான் இடப்பக்கம் ஒடித்தேன். சாலையோரத்து வெள்ளைக்கோடு மழைநீரில் கண்ணாடிபோல் வழுக்கிற்று. விழுந்தோம். பேருந்து ஓட்டுநர்மீது பிழையில்லை, வண்டிமீதும் பிழையில்லை. பிழை முழுவதும் என்னுடையதே.

நண்பர்களே, அதனினும் பெரிய பிழை அடுத்த நொடியில் நிகழ்ந்தது. எழுந்து நின்றபோது என் கண் முதலில் வண்டியை நோக்கிற்று. எண்ணெய்த்தொட்டி நசுங்கியதா, கண்ணாடி உடைந்ததா என்று பார்த்தேன். அதன் பிறகே மனைவியை நோக்கினேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காறை எலும்பு முறிந்திருந்தது. மருத்துவமனைக்குச் செல்லும் வழியில் அவள் வண்டியைப் பற்றியோ வேகத்தைப் பற்றியோ ஒரு சொல்லும் சொல்லவில்லை. "தோளைத் தட்டினேனே" என்று மட்டும் சொன்னாள்.

ஆறு வாரம் கையைத் தொட்டிலிட்டுக் கட்டியிருந்தாள். வண்டியைப் பழுது நீக்கிக் கொணர்ந்து வாயிலில் நிறுத்தினேன், ஏறவில்லை. விற்றுவிடுவோம் என்றேன். "விற்றால் பிழை வண்டியினுடையது என்று ஆகிவிடும், வேண்டாம்" என்றாள். ஆறு திங்கள் கழித்து, தானே நான்கு கட்டளைகளை வகுத்துக்கொண்டு பின்னிருக்கையில் அமர்ந்தாள். அவற்றை உங்கள்முன் வைப்பதே என் சொற்பொழிவின் நோக்கம்.

முதற் கட்டளை: பின்னிருப்பவர் தோளைத் தட்டினால் வண்டி நிற்க வேண்டும். ஏன் என்று கேட்பது நின்ற பிறகே.

இரண்டாவது: இருட்டிய பின்னும் மழை தொடங்கிய பின்னும் பயணம் இல்லை. முதல்மழையில் சாலையில் படிந்த எண்ணெயும் புழுதியும் குழைந்து வழுக்கும். அரைமணி நேரம் தேநீர்க் கடையில் கழிந்தால் குடி முழுகிப் போகாது.

மூன்றாவது: ஓட்டுபவரின் தலைக்கவசத்துக்கு எவ்வளவு விலையோ, அவ்வளவு விலை பின்னிருப்பவரின் தலைக்கவசத்துக்கும். தாய்மார்களே, இதைச் சற்று எண்ணிப் பாருங்கள். தனக்கு விலையுயர்ந்த தலைக்கவசமும் தோலாடையும் வாங்கும் இளைஞன், பின்னால் அமரும் தங்கைக்கு ஒரு தொப்பியை நீட்டுகிறான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆவது பிரிவு இருவர்க்கும் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்குகிறது. அபராதத்துக்கு அஞ்சி அணிவது வேறு. தன் தலையும் தங்கை தலையும் ஒரே மதிப்புடையவை என்று அறிந்து அணிவிப்பது வேறு.

நான்காவது: விழுந்தால் முதலில் பார்க்க வேண்டியது என்னை. இந்தக் கட்டளையைச் சொல்லும்போது அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

இனி, வழக்கு நடக்கும் வீடுகளுக்கு என் தீர்ப்பு. பெற்றோர்களே, வேண்டவே வேண்டாம் என்று தடுக்காதீர்கள். தடுக்கப்பட்டவன் நண்பனின் வண்டியை ஓட்டுவான். கேட்டவுடன் வாங்கியும் கொடுக்காதீர்கள். இரண்டு ஆண்டு சிறிய வண்டியில் இரண்டு மழைக்காலமும் ஓட்டிப் பழகட்டும். கேரளத்துக்கு மழைக்காலம் இரண்டு அல்லவா! பின்னர், வெறுமையான திடலில் பெருவண்டியை நடைவேகத்தில், கிளட்சைப் பாதி பிடித்து, எட்டுப்போல வளைத்துக் காட்டட்டும். சாய்ந்த வண்டியைத் தானே நிமிர்த்தட்டும். அதற்கும் முறை உண்டு: வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி, கைப்பிடியையும் பின்சட்டத்தையும் பற்றி, முதுகை நிமிர்த்தியபடியே தொடைவலிமையால் உந்திப் பின்னோக்கி அடியெடுத்து வைக்க வேண்டும். இதனைச் செய்து காட்டியவனுக்கே சாவி.

இளைஞர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். வண்டியின் புகைக்குழாயை மாற்றி ஊர் அதிர ஓட்டாதீர்கள். அது சட்டத்துக்கும் முரண்; அறத்துக்கும் முரண். விடியற்காலையில் நம் குடியிருப்பில் கைக்குழந்தை உறங்கும். இரவெல்லாம் இருமிய முதியவர் அப்போதுதான் கண்ணயர்ந்திருப்பார். பெரிய என்ஜினை உடையவன் அமைதியாகப் புறப்படுவதே பெருமை. வாங்கும் நாளில் விலையை மட்டும் எண்ணாதீர்கள். டயரும் சங்கிலியும் காப்பீடும் ஆண்டுதோறும் கேட்கும். கடற்காற்றின் உப்பு இரும்பை அரிக்கும். வாரந்தோறும் துடைத்து எண்ணெயிட வேண்டும். பேண நேரமில்லாதவனுக்கு அது உடைமையாகாது; வாயிலை அடைத்து நிற்கும் சுமையாகும்.

பெருவண்டியின் பதிவுச் சீட்டில் ஒருவர் பெயரே எழுதப்பட்டிருக்கும். ஆனால் அதில் இருக்கை இரண்டு. பின்னால் அமர்பவருக்குக் கைப்பிடி இல்லை, பிரேக் இல்லை. முன்னிருப்பவன்மீது கொண்ட நம்பிக்கை ஒன்றே உண்டு. அந்நம்பிக்கையின் எடை 241 கிலோவினும் பெரிது. அதனைச் சுமக்க வல்லவன் எந்த வண்டியும் ஓட்டலாம்.

சென்ற தைத் திங்களில் நாங்கள் இருவரும் மீண்டும் குமரிக்குச் சென்று வந்தோம். திரும்பும் வழியில் பாறசாலைக்கு அப்பால், மழையும் இல்லை, இருளும் இல்லை, என் தோளில் இருமுறை தட்டு விழுந்தது. உடனே ஒதுக்கி நிறுத்தினேன். ஏன் என்று கேட்டேன். "நிற்கிறீர்களா என்று பார்த்தேன்" என்றாள்.