இருசி என்று யாரைச் சொல்கிறோம்?



மாதவிடாய்த் தீட்டைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். மாதவிடாயே வராத பெண்களைப் பற்றிப் பேசியதில்லை. ஊரில் அவர்களை 'இருசி' என்பார்கள். பெரும்பாலும் சண்டையில்தான் அந்தச் சொல் காதில் விழும். (வயதுக்கு வராத ஆணைத் திட்ட இப்படித் தனிச்சொல் ஏதும் நான் கேட்டதில்லை.)

15 வயதாகியும் முதல் மாதவிடாய் வரவில்லை என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். 13 வயதிலும் மார்பு வளர்ச்சி தொடங்கவில்லை என்றால் அப்போதே பார்க்க வேண்டும். சிலருக்குக் கன்னிச்சவ்வில் துளை இருக்காது. மாதாமாதம் வயிறு வலிக்கும், ரத்தம் உள்ளேயே தேங்கும். சிறு அறுவை சிகிச்சையில் சரியாகிவிடும். ஏறத்தாழ 5,000 பெண் குழந்தைகளில் ஒருவர் கருப்பை இல்லாமலோ முழுதாக வளராமலோ பிறக்கிறார். சினைப்பை வேலை செய்வதால் மார்பு வளரும், வெளியே எதுவும் தெரியாது. டர்னர் குறைபாட்டில் ஒரு எக்ஸ் குரோமோசோம் இருக்காது. ஈஸ்ட்ரோஜன் கொடுக்காமல் விட்டால் எலும்பு பலவீனமாகும், இதயத்தையும் சோதிக்க வேண்டும். எக்ஸ்-ஒய் குரோமோசோமுடன் பெண்ணாக வளர்கிறவர்களும் உண்டு. இவை எதுவும் சாதி பார்த்து வருவதில்லை. ஆனால் அரைவயிற்றுச் சோறும் ஓயாத உடலுழைப்பும்கூட முதல் மாதவிடாயைத் தள்ளிப்போடும். அந்தப் பட்டினி யார் வீட்டில் என்று உங்களுக்குத் தெரியும்.

இவ்வளவு தெரிந்த பிறகும் வீட்டில் முதலில் போவது ஜோசியரிடம். ஏன் மறைக்கிறார்கள்? மஞ்சள் நீராட்டை நினைத்துப் பாருங்கள். தாய்மாமன் சீர், பந்தல், ஃபிளெக்ஸ். எங்கள் வீட்டில் பெண் தயார் என்று சொந்தசாதிக்குக் கொடுக்கும் அறிவிப்பு அது. அகமணம்தான் சாதியின் உயிர்நாடி என்று அம்பேத்கர் 1916இலேயே தன் ஆய்வுரையில் காட்டினார். அந்தக் கணக்கில் பிள்ளை பெறாத உடலுக்கு மதிப்பில்லை. அதனால்தான் சொல்லாமலே கட்டிக்கொடுக்கிறார்கள். தெரிந்ததும் அவள்மீதே பழி விழுகிறது.

நம் பக்கமும் ஒன்று இருக்கிறது. தீட்டை எதிர்க்கிறோம் என்று 'உதிரமே பெண்மையின் பெருமை' என்கிற மாதிரி எழுதுகிறோம். அதைப் படிக்கிற 17 வயதுப் பெண்ணுக்கு மாதவிடாய் வராவிட்டால் அவள் யார்? பிள்ளைப்பேற்றிலிருந்தே பெண் விடுபட வேண்டும் என்று பெரியார் பேசிய மண்ணில், நாம் இப்படிப் பின்னால் போயிருக்க வேண்டியதில்லை.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்கான ஸ்கேன், ஹார்மோன் பரிசோதனைகள் செய்கிறார்கள். உங்கள் தெருவில் அப்படி ஒரு பெண் இருந்தால் துணைக்குப் போங்கள். மருத்துவர் அம்மாவை மட்டும் தனியே கூப்பிட்டால், மகளையும் உள்ளே விடச் சொல்லுங்கள்.