அளவைகளும் அடியவர் தொண்டும்



தஞ்சை இராசராசேச்சரம் கி.பி. 1010-ஆம் ஆண்டளவில் நிறைவெய்தியது. மன்னன் அளித்தனவும், தமக்கையார் குந்தவையார் அளித்தனவும், பிறர் அளித்தனவும் அங்குக் கல்லில் விளங்குகின்றன. பொன்னை நிறுத்தது 'ஆடவல்லான்' என்னும் கல். மணியிழைத்த அணிகலன்களை நிறுத்தது 'தட்சிணமேரு விடங்கன்' என்னும் கல். நெல்லளந்த மரக்காலுக்கும் ஆடவல்லான் என்றே பெயர். ஆயினும் மரக்காலால் பொன்னை அளந்தாரில்லை.

பொற்பட்டம் சாத்தியவர் பெரியரா, நாடோறும் திருவலகிட்டவர் பெரியரா என்னும் வினா திருப்பணி நிறைவுறும் ஊர்தோறும் எழுவது. பரிவட்டம் கட்டும் வேளையில் அது பூசலாய் முடிதலும் உண்டு. இருவரும் நிகரே என்று நழுவுவாரும் உளர். அதுவும் பொருந்தாது. நிகராயின், பட்டத்தில் ஒரு குன்றிமணிப் பொன்னைக் கூட்டிய அளவிலே அதுவே மேம்பட்டுவிடல் வேண்டும்; அங்ஙனம் துணிந்து உரைப்பார் எவருமிலர். ஆகவே அவற்றிடை உயர்வும் இல்லை, தாழ்வும் இல்லை, நிகரும் இல்லை. இஃது அறிவின் மயக்கத்தால் வந்ததன்று. இரண்டையும் ஒருங்கே ஏற்கும் துலாக்கோல் இன்மையால் வந்தது.

பெரிய புராணத்துப் பூசலார் வரலாற்றைக் கூர்ந்து நோக்குக. காடவர்கோன் கச்சியில் கற்றளி எடுத்தான். பூசலார் திருநின்றவூரில் மனத்துள் எடுத்தார். இரண்டிற்கும் ஒரே நாள் அமைந்தது. இறைவர் அரசன் கனவில் தோன்றி, நாளை அன்பன் ஆலயத்துட் புகவிருத்தலின் அவன் தன் விழாவைப் பின்னொரு நாளிற் கொள்ளுமாறு பணித்தருளினார். மனக்கோயிலே உயர்ந்தது, கற்றளி தாழ்ந்தது என்று இதற்குப் பொருள் விரிப்பார் பலர். திருவாக்கில் உள்ளது நாள் மாற்றம் ஒன்றே. அரசன் திருநின்றவூர் சென்று பூசலாரை நிலமுற வணங்கித் தன் நகர்க்கு மீண்டான்.